எட்டியின் தங்கச்சி தேத்தாங்கொட்டை!

சென்ற வருடம் ஆடி மாதம். கிளினிக்கில் கூட்டம் குறைந்திருந்த ஒரு மதிய நேரம். நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா உள்ளே வந்தார். கைப்பையிலிருந்து நியூஸ் பேப்பர் பொட்டலம் ஒன்றை எடுத்து என் மேஜை மேல் பிரித்து வைத்தார்.

"டாக்டர், இது தேத்தாங்கொட்டைதானே? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. மிக்ஸியில போட்டா பிளேடு சுத்தவே மாட்டேங்குது!"

பார்த்தேன். வெளிர் மஞ்சளாய், சின்னச் சின்ன உருண்டைகளாய் ஒரு கைப்பிடி கொட்டைகள். அவை தேற்றான் கொட்டைகள்தான், சந்தேகமில்லை. ஆனால் அவற்றுக்கு நடுவே சாம்பல் நிறத்தில், தட்டையாக, ஒரு ரூபாய் நாணயம் போல மூன்று வில்லைகள்! வெளிச்சத்தில் திருப்பினால் பட்டுத் துணி போல மினுமினுத்தன. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

"இந்த மூணும் எங்கிருந்தும்மா வந்துச்சு?"

"எல்லாம் ஒரே இடத்துல வாங்கினதுதான் டாக்டர். திருவிழாவுல ஒருத்தர் மூலிகை பரப்பி வெச்சிருந்தார். 'இது என்ன வேற மாதிரி இருக்கே?'ன்னு நானும் கேட்டேன். 'அதுவும் தேத்தாங்கொட்டைதாம்மா, பெரிய ஜாதி'ன்னார்."

பத்தாவது படிக்கும் மகன் ஒல்லியாக இருக்கிறான் என்பது அந்த அம்மாவின் கவலை. தேத்தாங்கொட்டையைப் பொடித்து ராத்திரி பாலில் கலந்து கொடுத்தால் சதை போடும் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மிக்ஸி மட்டும் ஒத்துழைத்திருந்தால் அன்று இரவே அந்தப் பையனின் டம்ளருக்குள் போயிருக்கும் அந்த மூன்று வில்லைகளும். அவை எட்டிக்கொட்டைகள்!

அந்த வியாபாரி சொன்னதில் ஒரு துளி உண்மையும் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. எட்டியும் தேற்றானும் நிஜமாகவே சொந்தக்காரர்கள். தாவரவியலில் ஒரே பேரினம். நம் வீட்டுப் பாஷையில் சொன்னால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அக்கா ஆளைக் கொல்லும் நஞ்சு. தங்கச்சி கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கும் நல்லவள். இந்த இருவரையும் பிரித்துப் பார்க்க ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

இலையைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

இந்தப் பேரினத்துக்கு ஸ்ட்ரிக்னோஸ் என்று பெயர். 1753-ல் லின்னேயஸ் தன் நூலில் பதிவு செய்த பெயர் இது. ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா என்று வெப்பமண்டலக் காடுகள் இருக்கும் இடமெல்லாம் சுமார் 200 இனங்கள் பரவிக் கிடக்கின்றன. சில நிமிர்ந்த மரங்கள். ஏராளமானவை பெரிய மரங்களைப் பற்றிக்கொண்டு உச்சி வரை ஏறும் முரட்டுக் கொடிகள். இப்படி ஏறுவதற்கென்றே சுருண்ட கொக்கிகள் அவற்றின் கிளைகளில் முளைத்திருக்கும்.

குடும்பச் சாயல் இலையில்தான் இருக்கிறது. ஒரு கணுவில் இரண்டு இலைகள் நேருக்கு நேர் நிற்கும். எட்டி, தேற்றான் இரண்டிலும் இலை வழுவழுவென்று பளபளக்கும். மாவிலையை எடுத்துப் பாருங்கள், நடுவில் ஒரே ஒரு முதுகெலும்பு நரம்பு ஓடும், அதிலிருந்து பக்க நரம்புகள் பிரியும். இந்தக் குடும்பத்து இலையில் அப்படியில்லை. காம்புக்கு அருகிலிருந்தே மூன்று அல்லது ஐந்து பெரிய நரம்புகள் புறப்பட்டு, வளைந்து வளைந்து நுனியை நோக்கிப் போகும். உள்ளங்கையிலிருந்து விரல்கள் கிளம்புகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

'பிரியாணி இலையிலும் மூணு நரம்பு இருக்கே?' என்று கேட்பீர்கள். சரியான கேள்வி! அதைக் கசக்கினால் வாசனை வரும். எட்டி இலையைக் கசக்கினால் அந்த மசாலா வாசனை இருக்காது. இலந்தை இலையிலும் மூன்று நரம்பு உண்டு. ஆனால் அங்கே இலைகள் நேருக்கு நேர் நிற்காமல் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கமாக மாறி மாறி வரும். காட்டில் தானாக வளர்ந்த எந்த மரத்தின் இலையையும் 'பிரிஞ்சி இலை மாதிரியே இருக்கே' என்று பறித்து வந்து சமையலில் போடும் வேலையே வேண்டாம்.

1990-களின் தொடக்கத்தில் நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்துக் கொண்டிருந்தேன். மூலிகை அறிய குற்றாலத்து மலையடிவாரத்துக்கு எங்களை அழைத்துப் போவார்கள். ஒருமுறை எங்கள் குணபாட ஆசிரியர் இரண்டு சிறு கிளைகளை ஒடித்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, "எது எட்டி, எது தேத்தா? சொல்லுங்கடா பார்ப்போம்" என்றார். இரண்டிலும் பளபளக்கும் இலை, இரண்டிலும் ஐந்து நரம்பு. பதினைந்து பேரில் பாதிப்பேர் தப்பாகச் சொன்னோம். நானும் அந்தப் பாதியில் ஒருவன்தான்!

அவர் திட்டவில்லை. "இலை சொந்தத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. ஆளைத் தெரியணும்னா காயைப் பாரு, கொட்டையைப் பாரு" என்றார். முப்பது வருடங்களுக்கு மேல் ஆகியும் அந்த வார்த்தை காதில் இருக்கிறது.

அக்காவின் அடையாளம்

முதலில் எட்டி. காஞ்சிரை என்றும் சொல்வார்கள். வடமொழியில் விஷமுஷ்டி, ஹிந்தியில் குச்லா. ஸ்ட்ரிக்னோஸ் நக்ஸ்-வாமிகா என்பது தாவரவியல் பெயர். ஹோமியோபதி கடையில் 'நக்ஸ் வாமிகா' என்று கேட்டு வாங்குகிறீர்களே, அதன் மூலப்பொருள் இந்த மரத்துக் கொட்டைதான். (அங்கே அதைப் பலமுறை நீர்க்கச் செய்து பயன்படுத்துகிறார்கள். அதை நினைத்துக்கொண்டு பச்சைக் கொட்டையில் கை வைக்க வேண்டாம்.)

இலையுதிர் காடுகளிலும் கிழக்குக் கடற்கரையோரத்து வறண்ட காடுகளிலும் எட்டி வளர்கிறது. புதுச்சேரியைச் சுற்றியுள்ள பழைய கோயில் காடுகளுக்குப் போனால் பார்க்கலாம். நடுத்தர உயரம், மெல்லிய சாம்பல் நிறப் பட்டை. பூக்கள் சின்னவை, பச்சை கலந்த வெள்ளை, குழல் வடிவம். கிளை நுனியில் கொத்தாக வரும். மரக்கட்டையும் கசப்புதான், கறையான் கிட்டே வராது. அதனால் விவசாயக் கருவிகளுக்கும் கட்டில் கால்களுக்கும் இதை விரும்பி எடுத்தார்கள்.

ஆபத்து பழத்தில்தான் ஆரம்பிக்கிறது. பழுத்தால் சின்ன ஆரஞ்சு போலவே இருக்கும்! அதே உருண்டை, அதே நிறம், பார்ப்பதற்கு அவ்வளவு லட்சணம். கொடுக்க மனமில்லாதவனின் செல்வத்துக்கு நம் ஊரில் எட்டிப் பழத்தை உதாரணம் சொல்வது சும்மா இல்லை. ஆனால் ஆரஞ்சுத் தோலை நகத்தால் உரிக்கலாம், இது ஓடு மாதிரிக் கெட்டி. உடைத்தால் கொழகொழவென்று வெளிறிய சதை. அதற்குள் புதைந்திருக்கும் அந்த நாணய வில்லைகள்.

இந்தக் கொட்டையை ஒருமுறை நன்றாக மனதில் பதிய வைத்துக்கொண்டால் வாழ்நாளுக்கும் மறக்காது. சுமார் 2 சென்டிமீட்டர் அகலம், தட்டை வட்டம். கோட் பட்டன் மாதிரி ஒரு பக்கம் லேசாகக் குழிந்தும் இருக்கும். மேலே பட்டு மயிர் நெருக்கமாகப் படிந்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழகாகச் சீவி விட்டது போல இருக்கும். மினுமினுப்புக்குக் காரணம் அதுதான். உள்ளே பருப்பு கிடையாது. மாட்டுக் கொம்பு மாதிரி ஒரு கெட்டிப் பொருள். மிக்ஸி பிளேடு சுற்ற மறுத்தது எதனால் என்று இப்போது புரிகிறதா?

எங்கள் கூட்டத்தில் ஒரு துணிச்சல்காரன் இருந்தான். ஆசிரியர் திரும்பிய நேரத்தில் எட்டிப் பழத்துச் சதையை விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டான். ராத்திரி விடுதியில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "எதைத் தின்னாலும் கசக்குதுடா" என்று உட்கார்ந்திருந்தான். நல்லவேளை, கசப்போடு போயிற்று. கசப்புப் பொருள்களின் வரிசையில் ஸ்ட்ரிக்னைனுக்கு முன்னிடம் உண்டு. தண்ணீரில் மிக மிகக் கொஞ்சம் கரைந்திருந்தாலே நாக்கு கண்டுபிடித்துவிடும்.

இன்னொரு ஆச்சரியம். இருவாச்சிப் பறவைகள் இந்தப் பழத்தின் சதையைத் தின்கின்றன. குரங்குகளும் விடுவதில்லை. 'குரங்கு தின்னா நாமளும் தின்னலாம்' என்ற கணக்கு இங்கே செல்லாது. அவை சதையைத் தின்று கொட்டையைக் கடிக்காமல் விட்டுவிடலாம். சதையிலும் நஞ்சு இல்லாமல் இல்லை, கொட்டையை விடக் குறைவு, அவ்வளவுதான். எட்டி மரத்தடியில் ஆரஞ்சு நிறத்தில் உருண்டு கிடக்கும் பழங்களைப் பந்து என்று நினைத்துக் குழந்தைகள் எடுத்து விளையாடினால் உடனே வாங்கிப் போட்டுவிட்டுக் கையைக் கழுவி விடுங்கள்.

நஞ்சு என்ன செய்யும்?

எட்டிக்கொட்டையில் முக்கியமாக இரண்டு நச்சுப் பொருள்கள்: ஸ்ட்ரிக்னைன், புரூசின். ஸ்ட்ரிக்னைனை முதலில் பிரித்தெடுத்தவர்கள் பெல்லெட்டியே, காவந்து என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள். 1818-ல் பாரிஸில் நடந்தது. அவர்கள் முதலில் எடுத்துக்கொண்டது பிலிப்பைன்ஸில் விளையும் இக்னேஷியஸ் கொட்டையை. அதுவும் இதே பேரினம்தான். புரூசினும் அடுத்த ஆண்டே அவர்கள் கையில் சிக்கியது. இரண்டாண்டு கழித்து மலேரியாவுக்கான குவினைனைப் பிரித்ததும் இதே இருவர்தான். ஒரே ஜோடி, ஒரு பக்கம் நஞ்சு, ஒரு பக்கம் மருந்து!

எட்டிக்கொட்டையின் எடையில் ஏறத்தாழ 1 முதல் 1.5 சதவீதம் ஸ்ட்ரிக்னைன். நம் நரம்பு மண்டலத்தில் 'போதும், நிறுத்து' என்று தசைகளை அடக்கி வைக்கும் ஓர் ஏற்பாடு தண்டுவடத்தில் இருக்கிறது. வண்டிக்கு பிரேக் மாதிரி. ஸ்ட்ரிக்னைன் அந்த பிரேக்கைப் பிடுங்கிவிடும். பிறகு ஒரு சின்னச் சத்தம், ஒரு தொடுதல், முகத்தில் அடிக்கும் வெளிச்சம் எதுவானாலும் உடம்பு முழுவதும் வெட்டி இழுக்கும். கழுத்து விறைக்கும், தாடை பூட்டிக்கொள்ளும், முதுகு வில்லாக வளையும். கொடுமை என்னவென்றால், இத்தனைக்கும் பெரும்பாலும் நினைவு தப்பாது. மூச்சுத் தசைகளும் விறைத்துப் போவதால்தான் உயிர் போகிறது. பொடியாக உள்ளே போனால் இது ஆரம்பிக்க அரை மணி நேரம் கூட ஆகாது.

கொட்டையை முழுசாக விழுங்கினால் சில சமயம் கொம்பு போன்ற கெட்டித்தன்மையால் கரையாமலே வெளியேறி விடுவதுண்டு. அரைபட்டாலோ கடிபட்டாலோ கதையே வேறு. நொறுக்கிய ஒரே ஒரு கொட்டை கூட உயிரைப் பறிக்கலாம் என்றுதான் நச்சு மருத்துவ நூல்கள் எச்சரிக்கின்றன. அந்தப் பொட்டலத்தில் இருந்தவை மூன்று!

யாராவது எட்டிக்கொட்டையைத் தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் உப்புத் தண்ணீர் கொடுப்பது, வாந்தி எடுக்க விரலை விடுவது, முகத்தில் தண்ணீர் அடிப்பது எதுவும் செய்யாதீர்கள். அவையே வலிப்பைத் தூண்டிவிடும். சுற்றி நின்று சத்தம் போடாமல், தொட்டுத் தொட்டு எழுப்பாமல், உடனே 108-க்கு போன் செய்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். முழுசாகத்தானே விழுங்கினான் என்று வீட்டிலேயே காத்திருக்கவும் கூடாது. மீதிக் கொட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள், டாக்டர் பார்த்த உடனே புரிந்துகொள்வார். இதற்கென்று தனி முறிவு மருந்து கிடையாது. வலிப்பை அடக்கி மூச்சைக் காப்பாற்றும் வசதி ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. இதைச் சொல்வதில் ஒரு சித்த மருத்துவனுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. பாம்புக் கடிக்கு இந்தக் குடும்பத்துக் கட்டையையும் வேரையும் உரைத்துக் கொடுக்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அதையும் நம்பி நேரத்தை வீணாக்காதீர்கள். பாம்புக் கடிக்கு ஆஸ்பத்திரியில் போடும் விஷமுறிவு ஊசிதான் மருந்து.

'அப்படின்னா சித்த மருந்துல எட்டி சேர்க்கறீங்களே?' என்று கேட்கலாம். சேர்க்கிறோம். வாத நோய்களுக்கான சில மருந்துகளில் இது உண்டு. ஆனால் சுத்தி செய்யாமல் சேர்ப்பதே இல்லை. சாணக் கரைசல், பால் முதலியவற்றில் ஊறவைத்து, வேகவைத்து, மேல்தோலையும் உள்ளே இருக்கும் முளையையும் நீக்கி, அதன் பிறகுதான் மருந்துக்கு எடுப்போம். ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்ததில் சுத்திக்குப் பிறகு ஸ்ட்ரிக்னைன் குறைகிறது என்று தெரிந்திருக்கிறது. குறைகிறது என்றேன், அடியோடு போய்விடுகிறது என்று சொல்லவில்லை! மருந்துச் சட்டத்தில் நச்சு மூலப்பொருள்களுக்கென்று ஓர் அட்டவணையே இருக்கிறது. சித்தப் பிரிவில் எட்டியும் அதில் இடம் பெற்றிருக்கிறது. அது சேர்ந்த மருந்தை மருத்துவர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்று லேபிளில் அச்சிட வேண்டும். யாரோ எழுதி வைத்த குறிப்பைப் பார்த்து இதை வீட்டு அடுப்பில் முயற்சி செய்பவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

தங்கச்சியின் அடையாளம்

தேற்றானுக்கு வருவோம். சங்க காலத்தில் இதற்கு 'இல்லம்' என்று பெயர். கலங்கிய மனம் தெளிவதற்கு, இந்தக் கொட்டையால் தெளிந்த நீரைக் கலித்தொகை உவமையாகச் சொல்கிறது. அப்படியென்றால் எத்தனை காலத்துப் பழக்கம் பாருங்கள்! வடமொழியில் கதகம், ஹிந்தியில் நிர்மலி. அழுக்கற்றது என்றே அர்த்தம். தேவாரப் பாடல் பெற்ற திருக்குவளைக் கோயிலில் தல மரமே தேற்றாதான்.

தாவரவியல் பெயர் ஸ்ட்ரிக்னோஸ் பொட்டேட்டோரம். உருளைக்கிழங்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை! லத்தீனில் 'குடிப்பவர்களுடைய' என்று பொருள். குடிதண்ணீரோடு இதற்கு இருக்கும் உறவை வைத்தே பெயர் சூட்டிவிட்டார்கள்.

மரம் அவ்வளவு பெரிதில்லை. பட்டை கருத்து, வெடித்து, தடிப்பாக இருக்கும். மெல்லிய சாம்பல் பட்டை கொண்ட எட்டியிலிருந்து இது முதல் வித்தியாசம். இலைக்குக் காம்பு இருக்கிறதா என்று தேட வேண்டும், அவ்வளவு குட்டை. பூ வெள்ளை, நல்ல மணம், இலைக் கக்கத்திலேயே பூக்கும். பழம் சுமார் இரண்டு சென்டிமீட்டர்தான், நாவல் பழம் மாதிரி உருண்டு, பழுத்தால் கறுப்பாகிவிடும். ஆரஞ்சு நிறம் வரவே வராது.

உள்ளே பெரும்பாலும் ஒரே கொட்டை. பட்டாணியை விடச் சற்றுப் பெரிது. வெளிர் மஞ்சள், இரு பக்கமும் லேசாக அமுங்கிய உருண்டை. உற்றுப் பார்த்தால் இதன் மேலும் மெல்லிய மயிர் தெரியும். அக்காவின் சாயல் எங்கே போகும்? ஆனால் நாணயம் போன்ற தட்டை வடிவம் இல்லை, அந்தப் பட்டு மினுமினுப்பு இல்லை. முக்கியமாக, ஸ்ட்ரிக்னைன் இல்லை.

உடல் மெலிவு, நீர்க்கடுப்பு, வெள்ளை போன்றவற்றுக்குத் தேற்றான் கொட்டை சேர்ந்த இலேகியத்தைச் சித்த மருத்துவர்கள் கொடுப்பது உண்மைதான். பக்கத்து வீட்டு அம்மா எங்கிருந்தோ கேட்டுச் சொன்னது அதன் எதிரொலியாக இருக்கலாம். ஆனால் இலேகியம் வேறு, திருவிழாவில் வாங்கிய கொட்டையை மிக்ஸியில் அடித்த பொடி வேறு.

தெளிந்த தண்ணீர், நல்ல தண்ணீரா?

மழைக்காலத்தில் கிணறும் ஊருணியும் செம்மண்ணாய்க் கலங்கும்போது எங்கள் பாட்டி செய்வார். மண்குடத்தின் உட்பக்கச் சுவரில் ஒரு தேத்தாங்கொட்டையை வட்டமாக அழுத்தித் தேய்ப்பார். பிறகு தண்ணீரை ஊற்றி மூடி வைத்துவிடுவார். காலையில் பார்த்தால் வண்டல் எல்லாம் அடியில் தங்கி, மேலே கண்ணாடி மாதிரித் தண்ணீர்! கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துத் தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் இதே முறையை விவரித்து எழுதி வைத்திருக்கிறார்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. களிமண் துகள்கள் மிக நுண்ணியவை. எல்லாவற்றிலும் ஒரே வகை மின்னூட்டம் இருப்பதால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே மிதக்கும், அடியில் உட்காராது. கொட்டையைத் தேய்க்கும்போது அதிலிருந்து நீண்ட சங்கிலி போன்ற மாவுப்பொருள்களும் புரதமும் தண்ணீரில் கலக்கின்றன. அவை துகள்களைப் பிடித்துச் சேர்த்துக் கட்டும். கட்டி கனத்ததும் கீழே இறங்கிவிடும். படிகாரம் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

இனிமேல் சொல்லப் போவதைத் தயவு செய்து கவனமாகப் படியுங்கள். தெளிந்த தண்ணீர் என்றால் கிருமி இல்லாத தண்ணீர் என்று அர்த்தமில்லை! வண்டலோடு சேர்ந்து கிருமிகளில் ஒரு பகுதியும் கீழே போகும். மீதி மேலே, அந்தக் கண்ணாடித் தண்ணீரிலேயே இருக்கும். டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலைக் கிருமிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. கரைந்திருக்கும் உப்பையும் ஃபுளோரைடையும் போக்க இந்தக் கொட்டையை நம்பக் கூடாது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், 'இயற்கை முறை' என்று சொல்லி லாரித் தண்ணீரைத் தேத்தாங்கொட்டையால் தெளிய வைத்து அப்படியே குடித்து வந்தார்கள். பாட்டியிலிருந்து பேரன் வரை ஒரே வாரத்தில் நாலு பேருக்கு வயிற்றுப்போக்கு. "தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சே டாக்டர்!" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தேற்றானால் தெளிய வையுங்கள், நல்ல பழக்கம். மேல் தண்ணீரை வண்டல் கலங்காமல் இறுத்து, தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வைத்து, ஆற வைத்துக் குடியுங்கள். முதலில் தெளிய வைத்தால் கொதித்த தண்ணீர் சுவையாகவும் இருக்கும்.

கடல் கடந்த சொந்தங்கள்

இந்தக் குடும்பத்தின் குணமே இப்படித்தான் போலிருக்கிறது. தென் ஆப்பிரிக்கப் பக்கத்தில் இதே பேரினத்து மரம் ஒன்றின் பழத்தைக் 'குரங்கு ஆரஞ்சு' என்று சொல்லி, ஓட்டை உடைத்துச் சதையை ருசித்துச் சாப்பிடுகிறார்கள். தென் அமெரிக்கக் காடுகளிலோ இன்னொரு இனத்தின் பட்டையிலிருந்து குராரே என்ற அம்பு நஞ்சைக் காய்ச்சினார்கள். எட்டி தசைகளை விறைக்க வைத்துக் கொல்கிறது. குராரே தசைகளைத் துவள வைத்துக் கொல்கிறது. நேர் எதிர் வேலை! அந்தத் துவள வைக்கும் குணத்திலிருந்துதான் அறுவை சிகிச்சையில் தசைகளைத் தளர்த்தும் ஒரு மருந்தும் பிறந்தது. ஐரோப்பாவிலும் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு குழப்பம் நடந்தது. ஜுரத்துக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து வந்த அங்கஸ்டுரா பட்டையோடு நம் எட்டிப் பட்டை கலந்துவிட, ஆட்கள் நஞ்சுக்கு ஆளானார்கள். பட்டையாகக் காய்ந்துவிட்டால் வைத்தியருக்கே அடையாளம் தெரியாது.

அதனால்தான் சொல்கிறேன். தேத்தாங்கொட்டை வேண்டுமா? பெயர் தெரிந்த நாட்டு மருந்துக் கடையில், முழுக் கொட்டையாக மட்டும் வாங்குங்கள். பொடியாக விற்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். பொடியில் அக்காவும் தங்கச்சியும் ஒன்றுதான், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத் தட்டில் கொட்டி, அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பாருங்கள். தட்டையாய், நாணயம் போல், பட்டு மினுக்கோடு ஒன்றே ஒன்று அகப்பட்டாலும் அந்தப் பொட்டலம் முழுவதையும் உபயோகிக்காதீர்கள். அதை எடுத்து வைத்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாமா என்று கேட்காதீர்கள், உடைந்த துண்டு எங்காவது கலந்திருக்கலாம். நாக்கில் வைத்துப் பார்க்கும் பரிசோதனையும் வேண்டவே வேண்டாம்.

அந்த அம்மாவிடமும் இதையேதான் சொன்னேன். "மிக்ஸி ஜாரை என்ன பண்றது டாக்டர்?" என்று கேட்டார். கழுவிவிட்டு உபயோகிக்கலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ரெண்டாயிரம் ரூபாய் போனா போகட்டும்மா, புதுசு வாங்கிடுங்க" என்றேன். மறுவாரம் மகனையும் அழைத்து வந்தார். பரிசோதித்ததில் பையனுக்கு நோய் ஒன்றும் இல்லை. காலையில் டியூஷன், அங்கிருந்து நேராக ஸ்கூல், வாரத்தில் ஐந்து நாள் காலைச் சாப்பாடே கிடையாது! அதைச் சரி பண்ணச் சொல்லி அனுப்பினேன்.

மூன்று எட்டிக்கொட்டைகளையும் ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு, சிவப்பு மையில் 'நஞ்சு' என்று எழுதி ஒட்டி, பூட்டிய கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "இது என்ன டாக்டர், கோட் பட்டனா?" என்று கேட்கிறார்கள்.